பிள்ளை சாப்பிடாமல் கிடப்பது பரம்பரையா? உண்ணல் கோளாறும் மரபணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலை, உப்புவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று திருகோணமலையைச் சுற்றிப் பெற்றோருக்குச் சுகாதாரம் பற்றிப் பேசப் போகிற இடங்களில் இந்தக் கேள்விகள் வருகின்றன. கூட்டத்தில் எழுந்து நின்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கலைந்த பிறகு, செருப்பைத் தேடுகிற சாக்கில் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். பெயர், ஊர் அடையாளங்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

உண்ணல் கோளாறு என்று எதைச் சொல்கிறீர்கள்? சாப்பாட்டில் அடம் பிடிக்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் இருக்கிறதே?

இருக்கிறதுதான். கத்தரிக்காயைக் கண்டால் முகம் சுளிப்பதும், பரீட்சை நேரத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் விடுவதும் இதில் சேராது. உணவையும் உடம்பையும் பற்றிய நினைப்பே நாள் முழுக்க ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடல்நலத்தையும் படிப்பையும் கெடுக்கத் தொடங்கும்போதுதான் அதைக் கோளாறு என்கிறோம்.

பிரதானமாக நான்கு வகை. உடல் ஆபத்தான அளவுக்கு மெலிந்த பிறகும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி, பேதி மருந்து, பட்டினி என்று அதை ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. ஈடுகட்டாமல், அடிக்கடி அளவு மீறிச் சாப்பிட்டுக் குற்ற உணர்ச்சியில் தவிப்பது மூன்றாவது. நான்காவது ஆர்ஃபிட். இதில் மெலிய வேண்டும் என்ற ஆசை கிடையாது. உணவின் மணமோ பதமோ பிடிக்காமல், அல்லது தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில், உடம்புக்குத் தேவையானது உள்ளே போகாமல் இருக்கும். கடைசி இரண்டும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைநூலில் தனிப் பெயரோடு இடம்பிடித்தது 2013இல்தான். அதனால் பழைய ஆட்களுக்கு இவை புதிதாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

சரி, இது பரம்பரை நோயா?

பெரும் பங்கு பரம்பரைதான். ஆனால் அம்மாவிடமிருந்து மகளுக்கு நோய் அப்படியே கைமாறுவதில்லை. கைமாறுவது ஒரு சுபாவமும் ஒரு உடல்வாகும். எதையும் பிசகில்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம், சின்ன விஷயத்துக்கும் பதறுகிற மனம், பசியை உடம்பு எடுத்துக்கொள்கிற விதம் போன்றவை அவை. இவை இருக்கிற எல்லோருக்கும் கோளாறு வருவதில்லை. பலர் நல்ல கணக்காளராகவும் தாதியாகவும் கணித ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெறுகிறார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரே வீட்டில் வளர்ந்தால் பழக்கமும் ஒன்றாகத்தானே இருக்கும்?

நல்ல கேள்வி. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இரட்டையரைத் தேடிப் போனார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஏறத்தாழ முழுவதும் ஒன்று. இரு கருவில் உண்டான இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் ஒன்று, கூடப்பிறந்த மற்றவர்களைப் போல. இரண்டு சோடியும் ஒரே வீட்டில், ஒரே வயதில், ஒரே அம்மாவின் சமையலில் வளர்கிறது. முதல் வகையில் இருவருக்கும் சேர்ந்து நோய் வருவது இரண்டாவது வகையைவிடத் தெளிவாகக் கூடுதல் என்றால், அந்த மிச்சத்துக்கு மரபணுவைத்தான் கைகாட்ட வேண்டும்.

சுவீடனின் இரட்டையர் பதிவேட்டில் 31,000க்கு மேற்பட்டவர்களை வைத்து 2006இல் வெளிவந்த ஆய்வு அனோரெக்சியாவில் மரபணுவின் பங்கை 56 சதவீதம் என்று கணித்தது. அளவு மீறி உண்ணும் கோளாறிலும் ஏறத்தாழப் பாதி என்றே வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆர்ஃபிட் பற்றி 2023இல் சுவீடனிலிருந்தே வந்த கணக்கு 79 சதவீதம். "வாய்க்கு ருசியாகச் சமைக்கத் தெரியாதவள்" என்று பேச்சு வாங்கும் தாய்மார் இந்த எண்ணை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

56 சதவீதம் என்றால் எனக்கு இருந்தது என் மகளுக்கு வர நூற்றுக்கு 56 வாய்ப்பா?

இல்லை, இல்லை. அதிகமான ஆட்களைப் பயப்படுத்தி வைத்திருப்பது இந்த எண்தான். ஒரு சமூகத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாட்டால் விளக்கலாம் என்பதைத்தான் அது சொல்கிறது. தனி ஒருவருக்கு வருமா வராதா என்று அது சோதிடம் சொல்வதில்லை.

தனி ஆளின் கணக்குக்கு வேறு எண் வேண்டும். அனோரெக்சியா உள்ள ஒருவரின் தாய், சகோதரி, மகள் ஆகியோருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 11 மடங்கு என்று 2000இல் வந்த ஓர் அமெரிக்கக் குடும்ப ஆய்வு சொன்னது. 11 மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவாக வருகிற ஒன்றை 11ஆல் பெருக்கினாலும், பத்துப் பேரில் ஒன்பது பேர் தப்பிவிடுகிறார்கள். கவனமாக இருக்க வேண்டியதுதான், ஆனால் மகளின் தட்டை ஒவ்வொரு நேரமும் எட்டிப் பார்த்து அவளைக் கலவரப்படுத்தத் தேவையில்லை.

எந்த மரபணு? பெயர் சொல்ல முடியுமா?

ஒரு பெயர் சொல்லி முடிக்க முடிந்தால் எனக்கும் சுகம். 1990களில் அப்படித்தான் தேடினார்கள். மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனத்தோடு சம்பந்தப்பட்ட மரபணுக்கள், மூளை வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வில் சம்பந்தம் தெரியும், அடுத்ததில் காணாமல் போகும். சில நூறு பேரை மட்டும் வைத்துத் தேடியதுதான் குறை.

பிறகு முழு மரபணுத் தொகுதியையும் ஒரே தடவையில் அலசும் முறை வந்தது. 2017இல் 3,495 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது 12ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) நோயோடு சம்பந்தப்பட்ட ஒரேயோர் இடம் உறுதியாகத் தெரிந்தது. 2019இல் நோயாளிகள் 16,992 பேர், நோயில்லாதோர் 55,525 பேர் என்று 17 நாடுகளின் தரவைச் சேர்த்தார்கள். எட்டு இடங்கள் தெரிந்தன. இவ்வளவு பேரைத் திரட்டி எட்டுத்தானா என்று கேட்கலாம். அந்த எட்டும் சேர்ந்தாலும் சின்னப் பங்குதான். மீதி, ஆயிரக்கணக்கான இடங்களில் துளித்துளியாகப் பரவிக் கிடக்கிறது. வீட்டில் வறுத்து அரைத்த கறித்தூள் மாதிரி: மல்லி, செத்தல், சீரகம், பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் கலந்த பிறகு, இந்தக் காரத்துக்கு எது பொறுப்பு என்று ஒரு மணியைப் பொறுக்கிக் காட்ட முடியாது.

அந்த 2019 ஆய்வில் வேறு என்ன தெரிந்தது?

எனக்கு அதில் பெரிய விஷயமாகப் படுவது எட்டு இடங்களல்ல. அனோரெக்சியாவுக்கு இடங்கொடுக்கும் மரபணு மாற்றங்கள் வேறு எதோடெல்லாம் சேர்ந்து வருகின்றன என்றும் அதில் பார்த்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஓசிடி, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடு உறவு தெரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். கூடவே, ஓயாமல் நடமாடும் இயல்போடும், உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தோடும் உறவு தெரிந்தது. இரண்டாம் வகை நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் இடங்கொடுக்கும் மாற்றங்கள் இதற்கு எதிர்த் திசையில் நின்றன. அதாவது இது மனம் மட்டும் சம்பந்தப்பட்ட நோயல்ல, உடம்பின் எரிபொருள் கணக்கும் இதில் கலந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

எடை திரும்பி வந்த பிள்ளை வீட்டுக்குப் போன சில வாரத்தில் மறுபடி மெலிவதைப் பார்த்து "வேணுமென்று செய்கிறாள்" என்று சொல்கிறோம். அவள் உடம்பே பழைய மெலிவை நோக்கி இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டால், ஏச்சு கொஞ்சம் குறையும்.

பசி வந்தால் யாரும் சாப்பிடுவார்களே. பசியை ஒரு பிள்ளை எப்படி இவ்வளவு நாள் தாங்கும்?

இரவுச் சாப்பாடு. தட்டில் மூன்று இடியப்பம். பிள்ளை ஒன்றை எடுத்து விரலால் இழை இழையாகப் பிரிக்கிறாள். சொதி வேண்டாம், தேங்காய்ப்பால். சம்பல் ஓரத்துக்குப் போகிறது, அதுவும் தேங்காய். அரை மணித்தியாலம் கழிந்தும் தட்டில் இருந்தது அப்படியே இருக்கிறது. பரப்பி வைத்திருப்பதால் குறைந்த மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் தம்பிக்கு இடியப்பம் எடுத்து வைப்பது அவள், "இன்னொண்டு சாப்பிடடா" என்று கெஞ்சுவதும் அவள். அம்மா கேட்டால், "சாப்பிட்டிட்டனம்மா, வயிறு ஊதுது." அம்மாவுக்குக் கோபமும் வருகிறது, குழப்பமும் வருகிறது.

இந்தக் காட்சியில் பாதியைப் பட்டினியே உண்டாக்குகிறது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, சுகதேகிகளான 36 ஆண்களை அவர்களின் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்களும் சாப்பாட்டைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், கூட்டத்தை விட்டு ஒதுங்கினார்கள். எந்த மனிதனையும் பட்டினி போட்டால் இப்படித்தான் ஆவான்.

வித்தியாசம் ஒன்று உண்டு. அந்த ஆண்கள் எப்போது சாப்பிடலாம் என்று தவித்தார்கள். அனோரெக்சியாவுக்கு இடங்கொடுக்கும் உடல்வாகு உள்ள சிலருக்கோ, சாப்பாடு குறையக் குறையப் பதற்றம் தணிகிறது, சாப்பிட்டால் கூடுகிறது. நமக்குப் பசியில் எரிச்சல் வரும், இவர்களுக்கு ஒருவித அமைதி வருகிறது. பரம்பரையாக வருவது பெரும்பாலும் இந்த மாறாட்டமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதனால்தான் முதல் எடைக் குறைவு எப்படி வந்தது என்பதைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. டயட், காய்ச்சல், விளையாட்டுப் பயிற்சி, துக்கம், விரதம், எதுவாகவும் இருக்கலாம். இடங்கொடுக்கும் உடம்பில் எடை இறங்கத் தொடங்கினால் அதைச் சீக்கிரம் நிறுத்துவதுதான் வேலை.

விரதமும் நோன்பும் பிடிப்பதால் வருகிறதா?

கந்தசஷ்டி ஆறு நாளும் கேதாரகௌரி 21 நாளும் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வந்திருக்கிறோம். கிண்ணியாவிலும் மூதூரிலும் ரமழான் முழுக்க நோன்பு பிடிக்கிறார்கள். விரதமே நோயை உண்டாக்குமென்றால் ஊரில் பாதிப்பேர் நோயாளியாக இருக்க வேண்டும். மேலே சொன்ன உடல்வாகு உள்ளவருக்கு மட்டும்தான் அது ஆபத்தான வாசல்.

கவனிக்க வேண்டியது விரதம் முடிந்த மறுநாளை. மற்றவர்கள் பாறணை முடித்துப் பசியோடு சாப்பிடுவார்கள். ஒரு பிள்ளை மட்டும் "எனக்கு இப்படியே நல்லா இருக்கு" என்று தொடர்ந்தால், அல்லது வீட்டில் யாரும் பிடிக்காத விரதமெல்லாம் புதிதாகப் பிடிக்கத் தொடங்கினால், அதைப் பக்தி என்று எண்ணிப் பெருமைப்பட வேண்டாம். ஏற்கனவே இந்த நோய் வந்தவர் விரதத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். இஸ்லாத்தில் நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வயிறாரச் சாப்பிட்டால் கோணேசரும் கோபிக்கப் போவதில்லை.

சாமத்தியப்பட்ட பிறகுதான் எங்கள் பிள்ளைக்குத் தொடங்கியது. கண்ணூறா?

தேசிக்காய் வெட்டுவதும் நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் உங்கள் மனத்துக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள், ஆனால் வைத்தியரிடம் போவதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

பருவமடைதலுக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு உண்மையிலேயே ஆர்வமூட்டுவது. அமெரிக்காவில் இரட்டைச் சிறுமிகளை வைத்துப் பார்த்தபோது, இன்னும் பருவமடையாத 11 வயதுக்காரிகளின் உண்ணல் சிக்கல்களில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ இல்லை. பருவமடைந்தவர்களில் அது பாதிக்கு வந்துவிடுகிறது. அதுவரை தூங்கிக் கிடந்த மரபணுக்களைச் சூலக ஓமோன்கள் எழுப்பிவிடுகின்றன என்பது இதற்கான விளக்கம். அதே நேரத்தில்தான் நாமும் சாமத்திய வீடு வைத்து, சேலை கட்டி, அல்பத்துக்குப் படம் பிடித்து, வந்த மாமிமார் ஒவ்வொருவரும் "பிள்ளை நல்லா வைச்சிட்டா" என்று உடம்பைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறோம். உள்ளே ஒன்று மாறுகிற நேரத்தில் வெளியிலிருந்தும் ஒன்று போய்ச் சேருகிறது. சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. உடம்பைப் பற்றிய பேச்சை நிறுத்தினால் போதும்.

இது தாய்வழியா, தந்தைவழியா? என் மாமியார் "எங்கட பக்கத்தில அப்படி ஒருத்தரும் இல்லை" என்கிறார்.

இரண்டு வழியிலும். ஆயிரக்கணக்கான துளிகளில் பாதி அங்கிருந்து, பாதி இங்கிருந்து. நோய் வெளியே தெரியாத அப்பாவிடமிருந்தும் நிறைய வரலாம். அந்தப் பக்கத்தில் மூன்று தடவை கேற்றைப் பூட்டிப் பார்க்கிற சித்தப்பாவோ, ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாத அத்தையோ இருக்கிறாரா என்று மாமியாரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சண்டைக்காக இல்லை.

மச்சான், மச்சாள் கலியாணம் செய்தால் கூடுமா?

தலசீமியா போன்ற, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பழுதான மரபணு சேர்ந்தால் வருகிற நோய்களுக்குத்தான் நெருங்கிய உறவுத் திருமணம் பெரிய ஆபத்து. உண்ணல் கோளாறு அந்த வகையல்ல.

கலியாணம் பேசும்போது இதைச் சொல்ல வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் குரல் மிகவும் தாழ்கிறது. "பரம்பரை என்று நீங்களே மேடையில் சொன்னால், இனி இவளின் தங்கச்சிக்கும் சம்பந்தம் வராது" என்று ஒரு தாய் என்னிடம் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயமானது. பரம்பரை என்ற சொல்லை நம் ஊரில் சாதகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள்.

நான் சொல்வது இது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இதே மாதிரிப் பல மரபணுக்கள் சேர்ந்து வருகிறவைதான். நீரிழிவு இருக்கிற வீடு என்று யாரும் இங்கே சம்பந்தத்தை முறிப்பதில்லை. முறித்தால் மாவட்டத்தில் கலியாணமே நடக்காது. கட்டப்போகிறவருக்கு, அவர் நம்பத் தகுந்தவர் என்று தெரிந்த பிறகு, பெண் தானே சொல்வது நல்லது. ஏனென்றால் கர்ப்ப காலமும் பிள்ளை பிறந்த பிறகான மாதங்களும் நோய் திரும்பக்கூடிய காலம். அப்போது பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தரகருக்கும் பெரியம்மாவுக்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

ஆண் பிள்ளைகளுக்கு வருமா?

வரும். 1689இல் லண்டன் வைத்தியர் ரிச்சர்ட் மோர்ட்டன் இந்த மாதிரி மெலிவைப் பற்றி எழுதியபோது விவரித்த இருவரில் ஒருவர் 16 வயதுப் பையன். நம் பக்கத்தில் பையன்கள் ஜிம், புரதப் பொடி, கிரிக்கெட் அணித் தேர்வு என்ற போர்வையில் வருவதால் கண்ணில் படுவதில்லை. மெலிந்தால் "காதல் தோல்வி" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

டிக்டொக்கும் சினிமாவும்தான் காரணம் என்று நினைத்தேன்.

முழுக் காரணம் அதுவென்றால் மோர்ட்டனுக்கு நோயாளிகள் கிடைத்திருக்க முடியாது. 1873இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் சார்ல்ஸ் லாசேக்கும் இந்த நோயைப் பற்றி எழுதியபோது புகைப்படம் எடுப்பதே பெரிய விஷயம்.

ஆனால் திரைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. பீஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அப்போதும் மூன்று ஆண்டு கழித்தும் பாடசாலை மாணவிகளிடம் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் கேள்விக்கொத்து கொடுத்துப் பார்த்தார். உண்ணல் சிக்கல் உள்ளதாகத் தெரிந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். மரபணு மூன்று ஆண்டில் மாறாது, சூழல் மாறும். அதே நேரம், தொலைக்காட்சி பார்த்த எல்லோருக்கும் சிக்கல் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த ஆய்வெல்லாம் வெள்ளைக்காரரை வைத்துச் செய்தவை. எங்களுக்குப் பொருந்துமா?

மரபணு ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது உண்மை. அந்த எட்டு இடங்களும் நம்மவரில் அதே கனத்தோடு இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இலங்கையிலும் 1997 முதல் ஓர் இரட்டையர் பதிவேடு இருக்கிறது. கொழும்பு மாவட்ட இரட்டையரை வைத்து மனச்சோர்வு பற்றி நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. உண்ணல் கோளாற்றையும் அதே அக்கறையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

நோய் வெளிப்படும் விதமும் வேறாகலாம். 1990களில் ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மனநல வைத்தியர், அனோரெக்சியா உள்ள பெண்களில் பலர் கொழுத்துவிடுவோம் என்ற பயத்தைச் சொல்லவேயில்லை என்று எழுதினார். வயிறு ஊதுகிறது, பசிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். நம் பிள்ளைகளிடமும் "செமிக்குதில்லை", "நெஞ்சடைக்குது" என்பதுதான் முதலில் வரும். "மெலியணும் என்று அவள் சொல்லவே இல்லையே, அப்ப இது அந்த நோயில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

சண்டைக் காலத்தில் பட்டினி கிடந்தோம், சுனாமி, 2022 நெருக்கடி எல்லாம் பார்த்தோம். அது பிள்ளைகளின் மரபணுவில் பதிந்திருக்குமா?

பட்டினி மரபணுவின் எழுத்தை மாற்றுவதில்லை. அந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற குறிகளை மாற்றலாம். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவில் உருவானவர்களிடம் அறுபது ஆண்டுக்குப் பிறகும் அப்படியான குறிகள் மாறியிருந்ததை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. நீரிழிவு போன்றவற்றோடு இதற்குத் தொடர்பு பேசப்படுகிறது. உண்ணல் கோளாற்றோடு அப்படி ஒரு நேர்க்கோடு போட்டுக் காட்டிய ஆய்வு இல்லை.

வேறொரு வழியில் அந்தக் காலம் நம் வீடுகளில் இருக்கிறது. முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அம்மாவுக்கு, சோற்றைத் தள்ளி வைக்கிற மகளைப் பார்த்தால் வருகிற கோபம் சாதாரணக் கோபமல்ல. "நாங்கள் கிடைக்காமல் இருந்தோம், நீ கிடைச்சும்..." என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அந்தக் கோபத்தைச் சொல்ல வேண்டிய இடம் சாப்பாட்டு மேசை அல்ல.

இரத்தத்தையோ எச்சிலையோ கொடுத்துச் சோதித்து அறியலாமா?

இல்லை. இணையத்தில் விற்கும் பெட்டிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். வைத்தியசாலையில் இரத்தம் எடுப்பது தைரொயிட், சர்க்கரை, பொட்டாசியம், பொசுபேற்று போன்றவற்றைப் பார்க்க. அது கட்டாயம் தேவை.

திரிபோஷ சத்துமா கொடுத்தால் தேறுமா?

நல்ல உணவுதான். ஆனால் இது வீட்டில் சாப்பாடு போதாமல் வந்ததல்ல. இன்னொன்று, நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டில் திடீரென்று நிறையக் கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் பொசுபேற்று சடுதியாக இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். மிகவும் மெலிந்த பிள்ளைக்கு உணவைக் கூட்டுவது வைத்தியரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும்.

மரபணு என்றால் மாற்ற முடியாதே. பிறகு ஏன் சிகிச்சை?

கிட்டப்பார்வையும் பரம்பரைதான், கண்ணாடி போடுகிறோம். அனோரெக்சியா உள்ள இளம் பிள்ளைகளுக்கு அதிகம் பலன் தருவது குடும்பத்தை முன்னிறுத்தும் சிகிச்சை. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவானது. என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்ற பொறுப்பைச் சில மாதங்களுக்குப் பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். குற்றவாளியைத் தேடுவதில்லை என்பது அதன் முதல் விதி. பெற்றோரின் வளர்ப்புதான் காரணம் என்ற பழைய நினைப்பை மரபணு ஆய்வுகள் அசைத்திருக்கின்றன, இந்த விதிக்கு அதுவும் நல்ல துணை. புலிமியாவுக்கும் அளவு மீறி உண்ணலுக்கும் பேச்சு வழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அனோரெக்சியாவுக்கு மட்டும் உணவுதான் மருந்து.

திருகோணமலையில் எங்கே காட்டுவது?

மாவட்டப் பொது வைத்தியசாலையின் ஓ.பி.டி.யில் காட்டி, மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் எடை குறைந்ததாகத் தெரிந்தால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை வழியாகவும் போகலாம். முதலில் யாரோடாவது பேச வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நாடித்துடிப்பு மிக மெதுவானாலோ, தண்ணீரும் குடிக்க மறுத்தாலோ, உயிரை விடுவதாகச் சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கிளினிக்கில் குடும்ப வரலாறு கேட்பார்களாமே. என்ன சொல்ல வேண்டும்?

"பரம்பரையில் யாருக்காவது?" என்று கேட்டதும் எல்லோரும் "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். மெலிந்த ஆட்களை மட்டும் நினைத்துப் பார்ப்பதால் அப்படி. இரண்டு பக்கத்திலும் யாருக்காவது மனச்சோர்வு, ஓசிடி, கடும் பதற்றம், குடிப் பழக்கம், தற்கொலை முயற்சி, தைரொயிட், நீரிழிவு இருந்ததா என்று யோசியுங்கள். இளம் வயதில் காரணம் தெரியாமல் மெலிந்து, மாதவிடாய் நின்று, "வயிற்றுக் கோளாறு" என்று மருந்து குடித்த அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். வெளியே சொல்ல விரும்பாத விஷயமென்றால் பிள்ளையை வெளியில் இருத்திவிட்டு வைத்தியரிடம் தனியாகச் சொல்லலாம். கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நாளே பெரியவர்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே வரிசையில் நின்று நினைவுபடுத்தினால் பாதி விடுபட்டுப் போகும்.